கடைத்தெரு பார்த்த ஜன்னல்

மே 4, ஞாயிறு

இன்று ஒரு பெரிய முடிவு எடுத்தேன். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள், பெருங்கடல்களை நீலச் சாக்பீஸால் வரைந்து வரைந்து விரல் சாயம் போகாமல் திரிந்தவள், முதல்முறையாகக் கப்பலில் போகப் போகிறேன். கடல் தெரியாத அறையில்.

என் தங்கை குழலிக்கு வரும் ஜூனில் அறுபது முடிகிறது. அவள் மகள் தாரணி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக அங்கிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் மூன்று இரவு. துணைக்குப் பெரியம்மா. அதாவது நான், அகிலாண்டம், வயது அறுபத்தைந்து, கல்யாணம் ஆகாதவள். ஆகவே எல்லோருக்கும் எப்போதும் துணைக்குக் கிடைப்பவள்.

உறையூரில் குழலி வீட்டில் உட்கார்ந்து, தாரணி வீடியோ காலில் காட்டிய அறைகளைப் பார்த்தோம்.

"பெரியம்மா, நாலு வகை ரூம் இருக்கு. பால்கனி வெச்சது. கடலைப் பாக்கற ஜன்னல் மட்டும் இருக்கறது. ஜன்னலே இல்லாத உள் ரூம். அப்புறம் இது, உள் ரூம்தான், ஆனா ஜன்னல் உண்டு. கப்பலுக்கு நடுவுல ஒரு கடைத்தெரு போகுது. அதைப் பாக்கற ஜன்னல்."

"பால்கனி," என்றாள் குழலி. "கடலைப் பாத்துக்கிட்டே ஒரு காபி குடிக்கணும்டி. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

நான் தொண்டையைச் செருமினேன். உப்புக் காற்று சைனஸுக்கு ஆகாது என்றேன். அலையைப் பார்த்தால் வாந்தி வரும் என்றேன். கடல் எங்கே பார்த்தாலும் கடல்தான், மனுஷ முகம்தான் ஒவ்வொன்றும் வேறு என்றேன். பசிபிக்கின் சராசரி ஆழத்தைச் சொன்னேன். அது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வகுப்பில் பையன்கள் எதிர்த்துப் பேசும்போது இப்படி ஒரு எண்ணைச் சொன்னால் அடங்கிவிடுவார்கள். குழலியும் அடங்கினாள்.

"சரி, அக்கா சொன்னா சரியா இருக்கும்."

பால்கனிக் கதவுக்குக் கீழே ஒரு உயரமான படி இருந்ததைப் படத்தில் நான் மட்டும்தான் கவனித்தேன். கடைத்தெருவில் ராப்பகலாக விளக்கு எரியும் என்பதையும். இரண்டையும் காரணமாகச் சொல்லவில்லை. நான் சொன்னவையே போதுமான அளவு இருந்தன.

மே 12, திங்கள்

காலையில் வாசலில் பால் பாக்கெட்டை மிதித்துவிட்டேன். இரண்டு பாக்கெட். கோலம், படி, செருப்பு எல்லாம் பால். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், விசேஷமா?" என்றார். ஆமாம், செருப்புக்கு அபிஷேகம் என்றேன். பாக்கெட் எனக்கு இடது பக்கம், கண்ணில் படும்படியாகத்தான் இருந்ததாம். பால்காரர் சத்தியம் செய்கிறார். அவரைத் திட்டியிருக்க வேண்டாம்.

மே 20, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். தெரியாத போதும் சும்மா இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன். மெஷின் கண்டுபிடித்துவிட்டது. எத்தனை பையன்களைக் காப்பியடித்ததற்காக வெளியே நிற்க வைத்திருப்பேன்!

இடது கண் பிப்ரவரியில் எப்படி இருந்ததோ அப்படியே. அது நல்ல செய்தி என்றார் டாக்டரம்மா. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. கிளாக்கோமா என்பது வலி காட்டாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம். நடுவில் எல்லாம் பளிச்சென்று தெரியுமாம். உண்மைதான். இந்த நாட்குறிப்பை எவ்வளவு அழகாக எழுதுகிறேன்!

குழலியிடம் கண் எரிச்சலுக்கு மருந்து என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னால் அடுத்த நாளே ஆட்டோவில் வந்து என் பீரோவைத் தூக்கிப் போய்விடுவாள். "தனியா இருக்கக் கூடாது, என்கூட இரு." திருவானைக்காவலில் எனக்கென்று ஒரு வீடு, ஒரு சாவி, எனக்குப் பிடித்த நேரத்தில் சாப்பாடு. விட முடியாது.

டாக்டரம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். என்ன பொய் என்பது இங்கே அவசியமில்லை.

ஜூன் 16, திங்கள்

கப்பல்.

இதைக் கப்பல் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. மலைக்கோட்டையைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கிறது. தாரணி துறைமுகத்தில் விட்டுவிட்டு அழுதாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

அறைக் கதவைத் திறந்ததும் குழலி நேராகப் போய்த் திரையை விலக்கினாள். ஜன்னலோரம் மெத்தை தைத்த திண்டு இருக்கிறது, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கீழே, மூன்று மாடி ஆழத்தில், ஒரு தெரு. எதிரே கைப்பைக் கடை. அதற்குப் பக்கத்தில் வாசனைத் திரவியக் கடை. அப்பால் காபிக் கடை, சாய்வு பெஞ்சுகள், பிளாஸ்டிக் அல்லாத நிஜச் செடி வைத்த தொட்டிகள்.

குழலி நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இதுக்குப் பெரியகடை வீதியில ஒரு லாட்ஜுல ரூம் போட்டிருக்கலாம்."

"அங்க ஏசி இவ்வளவு நல்லா இருக்காது."

"அங்க ஜன்னலைத் தொறக்கலாம்."

உண்மை. இது திறக்காது. சத்தமும் கேட்காது. கீழே ஒருவர் வயலின் வாசிக்கிறார், எங்களுக்கு வெறும் கை ஆட்டம்தான் தெரிகிறது. முகத்தை வைத்துப் பார்த்தால் சோக ராகம்.

குழலி திரை திறந்திருப்பதை மறந்து புடவை மாற்ற ஆரம்பித்தாள். எதிர் வரிசை ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா செய்தித்தாளைச் சட்டென்று முகத்துக்கு நேரே உயர்த்தினார். மரியாதை தெரிந்த மனிதர்.

சாப்பாட்டுக் கூடத்தில் என் தட்டு என்று நினைத்து இடது பக்கத்து மேஜைக்காரரின் அன்னாசித் துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். சென்னைக்காரர், பெயர் வரதராஜுலு, மனைவி கூட இருந்தார். "இருக்கட்டும் மேடம், எனக்கு சுகர்" என்றார். இப்படித்தான் கப்பலில் சிநேகிதம் பிடிக்க வேண்டும் போல.

ஜூன் 17, செவ்வாய், காலை

குழலி சூரியோதயம் பார்க்க மேல்தளத்துக்குத் தனியாகப் போனாள். கூப்பிட்டாள். கால் வலி என்றேன். எனக்குக் காலில் வலி கிடையாது, மாடிப்படிகளில்தான் தகராறு.

ஏழரை மணிக்கு ஜன்னல் திண்டில் காலை மடக்கி உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தேன். குழலி அந்தக் கோடியிலிருந்து வந்தாள், பச்சைப் புடவை, கையில் காகிதக் கோப்பை. மேலேயிருந்து பார்க்கும்போது மனிதர்கள் எவ்வளவு வேடிக்கை! தரை துடைத்த இடத்தில், அவளுக்கு வலது பக்கம், மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். அதை இடித்துத் தள்ளினாள். குனிந்து நிமிர்த்தி வைத்தாள். நான் சிரித்தேன்.

வரதராஜுலு தம்பதி அவளுக்கு வலது பக்கம் பெஞ்சில் இருந்தார்கள். அந்த அம்மா எழுந்து நின்று கையை ஆட்டினார். நாலடி தூரம். குழலி நேரே பார்த்தபடி நடந்து போய்விட்டாள். அந்த அம்மா கையை இறக்கிக் கணவரிடம் ஏதோ சொன்னார்.

அடுத்தது காபிக் கடைத் தூண். வலது தோளால் மோதினாள். காபி சிந்தியது. தூணைப் பார்த்துக் கை கூப்பி ஏதோ சொன்னாள். மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

அப்போதும் என் வாயில் சிரிப்பு இருந்தது. அது எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மூன்றும் வலது பக்கம். எனக்கு எல்லாம் இடது பக்கம்.

எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 11-ஆம் தேதி டாக்டரம்மா சொன்னது: "இது குடும்பத்துல வர்றது. கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே வந்து பாக்கச் சொல்லுங்க. தெரியாமலே பாதி போயிடும். சீக்கிரம் பாத்தா மருந்துலயே நிறுத்திடலாம்." மே 20-இல் அவர் கேட்டார்: "தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்றேன். பார்த்தாளா என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

அந்தப் பொய் இதுதான்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டது என்ன தெரியுமா? குழலி பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறவள், நூல் நூலாகப் பிரித்து முடிச்சுப் போடுகிறவள், அவள் கண்ணுக்கு என்ன கேடு என்று. நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும் என்பதை என்னைவிட யார் அறிவார்? அப்பாவும் கடைசி நாள் வரை பேப்பர் படித்தார். சுவரைத் தடவித் தடவித்தான் குளியலறைக்குப் போனார். வயசு என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம்.

ஜூன் 17, மாலை

கப்பல் பினாங்கில் நின்றது. நான் இறங்கவில்லை. குழலியும் எனக்காக இறங்கவில்லை.

மத்தியானம் ஒரு விளையாட்டு என்று சொல்லி அவளை எதிரே உட்கார வைத்தேன். "என் மூக்கையே பாரு. கையில எத்தனை விரல்னு சொல்லு." ஆஸ்பத்திரியில் எனக்குச் செய்தது.

இடது பக்கம் எல்லாம் சரியாகச் சொன்னாள். கையை அவள் வலது பக்கம் கொண்டு போனேன்.

"எத்தனை?"

"இன்னும் கையைத் தூக்கவே இல்லையே நீ."

மூன்று விரல் நீட்டியிருந்தேன். ஆட்டவும் செய்தேன்.

"என்னக்கா விளையாட்டு இது? எனக்கு என்ன பரிசு?"

ஒன்றுமில்லை, ஐஸ்கிரீம் என்றேன். இருவரும் போய்ச் சாப்பிட்டோம். இரண்டு கரண்டி சாப்பிட்டேன். மாம்பழச் சுவை என்று பெயர் போட்டிருந்தது.

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் நானே, "மேல போய்க் கடலைப் பாத்துக்கிட்டுக் காபி குடிக்கலாம் வா" என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மேலே வெயில் தண்ணீரில் பட்டு எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளையாக எரிந்தது. எனக்குக் கடல் தெரியவில்லை, வெளிச்சம்தான் தெரிந்தது. அவள், "எவ்வளவு நீலம்க்கா!" என்றாள்.

"குழலி, எனக்குக் கண்ணுல ஒரு வியாதி."

"தெரியுமே. எரிச்சல்."

"எரிச்சல் இல்ல. கிளாக்கோமா. ஓரத்துலேர்ந்து பார்வை கொஞ்சங்கொஞ்சமாப் போயிடும். போனது திரும்பாது. சொட்டு மருந்து போட்டுக்கிட்டா மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம். இடது கண்ணுல எனக்குப் பாதி போயிடுச்சு."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "பைத்தியமா நீ? தனியா வெச்சிக்கிட்டு இருந்தியா இதை? என்கிட்டச் சொல்ல மாட்டியா?" என் முந்தானையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. "ஊருக்குப் போனதும் முதல் வேலை, நீ என்கூட வர்ற."

இரண்டு நிமிஷம் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நிறுத்த மனசு வரவில்லை. ஒரு கேவலமான உண்மை, அந்த இரண்டு நிமிஷம் சுகமாகக்கூட இருந்தது.

பிறகு மிச்சத்தைச் சொன்னேன். தூண், மஞ்சள் பலகை, கை ஆட்டிய அம்மா, மூன்று விரல். "உனக்கும் இருக்கும்னு நெனைக்கிறேன். கூடப் பிறந்தவங்களுக்கு வரும்."

சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"டாக்டர் சொன்னாங்களா, கூடப் பிறந்தவங்களைப் பாக்கச் சொல்லி?"

"சொன்னாங்க."

"எப்ப?"

"பிப்ரவரி."

கையை எடுத்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். "மார்ச்சு. ஏப்ரல். மே. ஜூன்." நாலு விரல் மடங்கிய கையை என் முகத்துக்கு நேரே, நன்றாகத் தெரியும் இடத்தில் பிடித்தாள். "ரூம் எதுன்னு முடிவு பண்ண ஒரு மணி நேரம் பேசினியே. அதுல ஒரு நிமிஷம் இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா."

எழுந்து போய்விட்டாள்.

நான் கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி அறைக்கு வந்து சேர்ந்தேன். அவள் அங்கே இல்லை. ஜன்னலில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்துக் கீழே பச்சைப் புடவை தெரிந்தது. செடித் தொட்டி பக்கத்துப் பெஞ்சில், எங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மேலே அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பெஞ்ச்.

இரண்டு மணி நேரம். நடுவில் தெருவில் ஊர்வலம் வந்தது. இறகு வைத்த பெண்கள், கொட்டு, வண்ணக் காகிதம். கிளி வேஷம் போட்ட ஒருவர் குழலிக்கு முன்னால் நின்று இடுப்பை ஆட்டினார். அவள் அசையவில்லை. கிளி பாவம், வேறு ஆளைத் தேடிப் போனது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கண்ணாடியைத் தட்டினேன். கேட்காது என்று தெரியும். தட்டினேன். கீழே போய்க்கொண்டிருந்த சீனக் குடும்பம் ஒன்று நிமிர்ந்து பார்த்து, நான் கை ஆட்டுகிறேன் என்று நினைத்து, ஐந்து பேரும் வரிசையாக நின்று சந்தோஷமாகத் திரும்ப ஆட்டினார்கள்.

நானும் ஆட்டினேன். வேறென்ன செய்வது?

ஜூன் 19, வியாழன்

இறங்கினோம். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா" என்று கேட்டாள். இன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான். தாரணியிடம் பயணம் அருமை என்று இருவரும் சொன்னோம்.

ஜூன் 27, வெள்ளி

குழலிக்குப் பரிசோதனை. நான் வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நான் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். சுவரில் இருந்த கண் படத்தின் பாகங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன்.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த பார்வைதான் அது. பெறும் இடத்தில் இன்றுதான் உட்கார்ந்தேன்.

வலது கண்ணில் பாதிக்கு மேல் போயிருக்கிறது. இடது கண் பரவாயில்லை. மருந்து ஆரம்பம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை. இருப்பதைக் காப்பாற்றிவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றார் குழலியிடம்.

நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இது வருஷக் கணக்குல வந்ததும்மா. நாலு மாசத்துல இவ்வளவும் போகாது. ஆனா ஒண்ணுமே போகலைன்னு நான் சொல்ல மாட்டேன்."

குழலி மருந்துச் சீட்டைப் படிப்பது போல் இருந்தாள். படித்துக்கொண்டே, "சரிங்க டாக்டர்" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி திட்டியிருந்தால் நான் இன்று ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பேன்.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. குழலி இறங்கினாள். பீரோவைத் தூக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு தூக்குவாளி ரசம்கூட இல்லை, வெறுங்கை. நாற்காலியில் உட்கார்ந்து தன் போனை என் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"தாரணிக்கும் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீ சொல்லு அவகிட்ட."

"நீ அம்மா. நீ சொன்னாத்தான்..."

"நீ சொல்லு. எல்லாத்தையும்."

வீடியோ கால் போட்டுக் கொடுத்தாள். தாரணி முகம் வந்தது, தலையில் துண்டு, கையில் இட்லித் தட்டு. "என்ன பெரியம்மா, காலங்காத்தால ரெண்டு பேரும் ஜோடியா?"

சொன்னேன். பசிபிக்கை எங்கும் இழுக்கவில்லை. பிப்ரவரி, மே, கப்பல், தூண், அவள் அம்மாவின் வலது கண், அவள் உடனே போய்ப் பார்க்க வேண்டியது. தாரணி தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"பெரியம்மா, நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எதுக்கு நாலு மாசம் சொல்லாம இருந்தீங்க?"

சாவி, வீடு, சாப்பாட்டு நேரம், தங்கை பயந்துவிடுவாள், குஞ்சம் கட்டுகிற கண். ஐந்தும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. ஐந்தும் நல்ல காரணங்கள். எதிர்த்துக் கேட்டால் சமாளிக்கக்கூடியவை.

"பயமா இருந்துச்சும்மா," என்றேன். "அவகிட்டச் சொன்னா அது நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு."

இதை எழுதும்போது இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இத்தனை பக்கத்தில் அந்தச் சொல்லை எனக்கென்று ஓர் இடத்தில்கூட நான் எழுதவில்லை.

தாரணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் என் பக்கத்தில் குழலி போனைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குந்தான்."

"என்னம்மா?"

"எனக்கும் ஒரு வருஷமா ஏதோ சரியில்லன்னு தெரியும். வலது பக்கம் ஆள் வந்தா திடீர்னு முளைச்ச மாதிரி இருக்கும். போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையை இடிச்சுத் தள்ளிட்டேன். பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பதினோரு நாளாக அவள் என்மேல் வைத்திருந்த கோபத்தில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அவளுடையது என்று இனிமேல் பிரிக்க முடியாது. என் பங்கு குறைந்துவிட்டது என்று எழுதி நான் தப்பிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு தாரணி திட்ட ஆரம்பித்தாள். "ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தி இருபத்தஞ்சு வயசாவுது, அறிவு இருக்கா?" என்று ஆரம்பித்து, இட்லி ஆறும்வரை திட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம். நடுவில் ஒருமுறை நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன்.

மேஜைக்குக் கீழே குழலி என் காலை மிதித்தாள். "சும்மா இரு," என்று உதட்டை அசைத்தாள். "அவ முடிக்கட்டும்."